நீலப் பெட்டி போகட்டும், நமது இடம் போகக் கூடாது!

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



இன்று பேசுவதற்கு எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் ரயில் பெட்டி. கூலி, பஞ்சப்படி, நிலம், ரேஷன் இவற்றைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் ரயில் பெட்டிக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் நினைக்கலாம். மில்லில் வேலை பார்க்கிற தோழர் பொங்கலுக்கு ஊருக்குப் போவது எதில்? அறுவடை முடிந்ததும் வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிற விவசாயத் தொழிலாளி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கக்கூஸ் ஓரத்தில் உட்கார்ந்து போவது எதில்? அந்தப் பெட்டியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அது எப்படிப் பிறந்தது, எப்படிப் பழுது பார்க்கப்படுகிறது, எப்போது உடைக்கப்படுகிறது, உடைத்த பிறகு அதன் இடத்துக்கு எது வருகிறது என்று பார்ப்போம். கடைசிக் கேள்விதான் நமக்கு முக்கியம். ஆனால் முதலிலிருந்து வந்தால்தான் அது விளங்கும்.

நாம் எல்லோரும் பெட்டியைப் ‘போகி’ என்கிறோம். ஒர்க்‌ஷாப் தோழர்களிடம் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்குப் போகி என்றால் பெட்டிக்கு அடியில் சக்கரமும் அச்சும் ஸ்பிரிங்கும் பொருத்திய இரும்புச் சட்டம். ஒரு பெட்டிக்கு இரண்டு போகி உண்டு. மேலே நாம் உட்காருவது உடல். உடலைக் கிரேனில் தூக்கிவிட்டால் போகி தனியாக உருண்டு வெளியே வந்துவிடும்.

வெள்ளைக்காரன் காலத்தில் பிரயாணிகள் பெட்டியின் அடிச்சட்டம் இரும்பு, அதன்மேல் இருந்த உடல் மரம். இங்கிலாந்திலிருந்து சாமான்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டுவார்கள். பெரம்பூரில் 1856-லேயே ரயில்வே பட்டறை வந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு என்று ஒன்று இருந்ததே, அதில் பலகைதான் இருக்கை. காந்தியார் அதில் பிரயாணம் செய்து, அங்கு ஜனங்கள் படும் அவதியைப் பற்றி 1917-ல் தனியாகவே எழுதினார். ரயிலுக்குக் கூட்டமும் கூட்டத்தின் காசும் மூன்றாம் வகுப்பிலிருந்து வந்தன. மெத்தையும் விசிறியும் முதல் வகுப்புக்குப் போயின. மர உடலுக்கு இன்னொரு ஆபத்தும் இருந்தது. வண்டி மோதினால் மரம் சிதறும். ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குள் தொலைநோக்கிக் குழாய் போல நுழைந்துவிடும். நடுவில் இருப்பவர் கதி என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, சொந்த நாட்டிலேயே பெட்டி கட்ட வேண்டும் என்று முடிவானது. 1949-ல் ஸ்விட்சர்லாந்தில் ஜூரிக் அருகே ஷ்லீரன் என்னும் ஊரிலிருந்த கம்பெனியுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1955 அக்டோபர் 2-ம் தேதி பெரம்பூரில் இன்டெக்ரல் கோச் பாக்டரியைப் பண்டித நேரு திறந்து வைத்தார். ‘இன்டெக்ரல்’ என்றால் ஒருங்கிணைந்தது என்று பொருள். அடிச்சட்டம் வேறு, மேல் உடல் வேறு என்று இல்லாமல் தரை, பக்கச்சுவர், கூரை எல்லாம் எஃகில் ஒரே கூடாகப் பற்றவைத்துப் பாரத்தைச் சேர்ந்து சுமக்கிற அமைப்பு அது. மோதினால் ஒன்றுக்குள் ஒன்று எளிதில் நுழையாது. முதலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளின் வெறும் கூடுகளைத்தான் அங்கே கட்டினார்கள். இருக்கை, விளக்கு, கக்கூஸ் எல்லாம் மற்ற ரயில்வே ஒர்க்‌ஷாப்புகளில் பொருத்தப்பட்டன. பெரம்பூரிலேயே உள்வேலை செய்யும் பிரிவு 1962-ல் வந்தது.

தோழர்களே, இந்தப் பெட்டியை அன்று நாம் வரவேற்றது சரியே. தனியார் முதலாளி லாபத்துக்காகக் கட்டாமல், பொதுத் துறையில், தமிழ்நாட்டுத் தொழிலாளியும் நாலா மாகாணத் தொழிலாளியும் சேர்ந்து, ஏழை மக்களின் பிரயாணத்துக்கென்று முதலில் கட்டிய பெட்டி அது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் நாடு முழுவதும் அதுதான் ஓடியது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் பெரம்பூரிலிருந்து வெளிவந்திருக்கின்றன. முதலில் அவற்றுக்குச் செம்மண் நிறம். வேக்வம் பிரேக் போய்க் காற்றுப் பிரேக் வந்த 1990-களில் நீலம் பூசினார்கள். அந்த நீலப் பெட்டியில்தான் உங்களில் பெரும்பாலோர் பிரயாணம் செய்திருப்பீர்கள்.

பலகையில் மெத்தை எப்போது வந்தது தெரியுமா? மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-ல் ஒழிந்தது. பெயர்தான் ஒழிந்தது, பலகை அப்படியே இருந்தது. அதே 1974-ல் மே 8-ம் தேதி முதல் 27-ம் தேதி வரை இந்தியா பூராவும் ரயில்வே தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தார்கள். சர்க்கார் ஆயிரக்கணக்கானோரைச் சிறையில் தள்ளியது; வேலையிலிருந்து நீக்கியது; ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்களை வெளியேற்றியது. அதன் பிறகு அவசர நிலை வந்தது, போயிற்று. 1977-ல் மது தண்டவதே ரயில்வே மந்திரியானார். நீக்கப்பட்டவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26-ல் பம்பாய்க்கும் ஹௌராவுக்கும் இடையே வகுப்பு பேதமில்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் விடப்பட்டது. இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பலகையின் மேல் இரண்டு அங்குல நுரை மெத்தை வந்ததும் அந்த மந்திரியின் காலத்தில்தான். அவர் நம் கட்சிக்காரர் அல்ல, சோஷலிஸ்ட். நல்லதை நல்லது என்று சொல்வதில் நமக்கு என்ன நஷ்டம்? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் ரயில் ஓடிய 1853-லிருந்து கணக்குப் பார்த்தால், ஏழைப் பிரயாணியின் முதுகுக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு அங்குலம் வர நூற்றிருபத்து நாலு வருஷம் ஆகியிருக்கிறது.

இனிப் பழுது பார்க்கும் வேலைக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிரயாணிகளுக்கு இது தெரிவதில்லை.

ஸ்டேஷனில் நிற்கும் பெட்டியின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு இலக்கங்கள் அது கட்டப்பட்ட வருஷம். 97 என்று தொடங்கினால் 1997-ல் கட்டியது. பெட்டியின் கோடிச் சுவரில் இன்னும் சிறிய எழுத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்பின் பெயரும் தேதியும் இருக்கும். கடைசியாக எங்கே ஓவர்ஹால் ஆனது, அடுத்து எப்போது திரும்ப வேண்டும் என்பது அதில் தெரியும். அது பெட்டியின் ஜாதகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்! நம்முடைய ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இந்த ஜாதகத்தை எழுதியவன் தொழிலாளி, அதனால் நம்பலாம்.

ஒன்றரை வருஷத்துக்கு ஒரு முறை பெட்டி ஒர்க்‌ஷாப்புக்கு வரும். உடலைத் தூக்கிப் போகியைக் கழற்றுவார்கள். ஸ்பிரிங், எண்ணெய் நிறைந்த டாஷ்பாட், பிரேக், அச்சு, சக்கரம் ஒவ்வொன்றும் அதற்கென்று உள்ள பிரிவுக்குப் போகும். உடலில் இருக்கை, பலகை, தரை விரிப்பு எல்லாம் பெயர்த்து, இரும்பைத் தட்டிப் பார்ப்பார்கள். இந்தப் பெட்டிக்கு எமன் துரு. அது எங்கே பிடிக்கும்? கக்கூஸுக்கு அடியில், கதவு மூலையில், தண்ணீர் தேங்குகிற பள்ளத் தரையில், பக்கச்சுவரின் தூண்கள் நிற்கிற அடிமட்டத்தில். வெளியே நீலப் பெயிண்ட் பளபளக்கும். உள்ளே இரும்பு பிஸ்கட் மாதிரி உதிரும். அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். வெல்டர் பெட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து தலைக்கு மேலே பற்றவைப்பார். இத்தனை வருஷம் லட்சோபலட்சம் ஜனங்கள் கழித்த கழிவு ஊறிய இரும்பு அது. சூடேறினால் எழுகிற புகை எப்படி இருக்கும்? அவருக்கு என்ன முகமூடி கொடுத்தார்கள், என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்று யாராவது கேட்டதுண்டா?

கக்கூஸ் என்றதும் இன்னொரு கூட்டத்தைச் சொல்லாமல் போக முடியாது. நீலப் பெட்டியில் கழிவு நேரே தண்டவாளத்தில் விழும். அதை அள்ளியவர்கள் யார்? இந்த நாட்டில் எந்த ஜாதியார் அதை அள்ள வைக்கப்பட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993-ல் ஒன்று, 2013-ல் ஒன்று என்று இரண்டு வந்தன. ரயில்வேதான் அந்தக் குற்றத்தை ஊரறியச் செய்த மிகப் பெரிய முதலாளி. பிறகுதான் பெட்டிக்கு அடியில் தொட்டி வைத்து, கிருமிகளைக் கொண்டு கழிவைச் சிதைக்கிற உயிரியல் கக்கூஸைப் பழைய பெட்டிகளிலும் பொருத்தினார்கள். தண்டவாளத்தின் துருவும் பெட்டியின் துருவும் குறைந்ததை நிபுணர்கள் லாபக் கணக்கில் எழுதினார்கள். துப்புரவுத் தொழிலாளியின் மானத்தை எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்று தெரியவில்லை.

பெட்டிக்கு ஆயுள் 25 வருஷம் என்று வைத்திருக்கிறார்கள். பாதி ஆயுளில், 12 அல்லது 15 வருஷத்தில், ஒரு பெரிய வைத்தியம் நடக்கும். அதற்கென்றே போபாலில் 1989-ல் தனி ஒர்க்‌ஷாப் ஒன்றை ரயில்வே ஏற்படுத்தியது. அங்கே பெட்டியை எலும்புக்கூடாக்கி மீண்டும் சதை வைப்பார்கள். முழுவதும் உரித்து, அரித்த இடத்தை மாற்றி, மின்சார ஒயர் புதிதாக இழுத்து, உள்ளே பலகைகளை மாற்றி அனுப்புவார்கள். இந்த வேலையில் ஒரு பெட்டி மாதிரி இன்னொரு பெட்டி இருக்காது. ஒன்று கடற்கரை ஊர்களிலே ஓடி உப்புக் காற்றில் அரித்திருக்கும். மற்றொன்று வறண்ட பிரதேசத்தில் ஓடி நன்றாக இருக்கும். எங்கே தட்ட வேண்டும், சத்தம் எப்படிக் கேட்டால் உள்ளே ஓட்டை என்பது பழகிய கையும் காதும் அறியும். அந்தத் தொழிலாளி ரிட்டயர் ஆனால் அந்த இடத்தைக் காலியாக வைத்து, காண்டிராக்ட்காரன் மூலம் நாள் கூலிக்கு ஒரு பையனைக் கொண்டுவந்து நிறுத்தினால், பெட்டியின் பெயிண்ட் மட்டும்தான் புதிதாக இருக்கும்.

இந்தப் பட்டறைகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. நாகப்பட்டினம், போத்தனூர், திருச்சி என்று மூன்று இடங்களில் இருந்த பட்டறைகளைத் தென்னிந்திய ரயில்வேயின் வெள்ளைக்கார நிர்வாகம் பொன்மலையில் ஒன்றாக்கியது. சேர்க்கிற சாக்கில் தொழிற்பரீட்சை வைத்து ஆட்குறைப்புச் செய்தது. 1928 ஜூலையில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். சிங்காரவேலர் அதற்காகச் சிறை சென்றார். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு, 1946 செப்டம்பர் 5-ம் தேதி, அதே பொன்மலையில் சங்கத் திடலில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்தத் தியாகிகளின் நாளை ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். அவர்கள் கையில் இருந்தவை சுத்தியலும் ஸ்பானரும். பெட்டியும் எஞ்சினும் ஓடியது அந்தக் கைகளால்தான்.

சரி, ஆயுள் முடிந்த பெட்டி என்ன ஆகிறது? பஸ்ஸைச் சொல்வது போலவே இதையும் ‘கண்டம்’ என்கிறார்கள். சக்கரம், அச்சு, உபயோகமான பாகங்களைக் கழற்றிவிட்டு உடலைப் பழைய இரும்புக்கு ஏலம் விடுவார்கள். உலைக்குப் போய் அது மீண்டும் எஃகாகும். சில பெட்டிகளுக்கு வேறு விதி. 20 வருஷம் ஆன பெட்டிகளை எடுத்து, இருக்கைகளைப் பிடுங்கி, ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, கோடிச் சுவரில் அகலக் கதவு வைத்து, புதுக் கார்களை ஏற்றிச் செல்லும் வண்டியாக மாற்றுகிறார்கள். நேற்று வரை நீங்களும் நானும் ஒரு காலில் நின்றுகொண்டு போன அதே பெட்டியில் இன்று மோட்டார் கம்பெனியின் கார் சௌகரியமாகப் படுத்துக்கொண்டு போகிறது! காருக்கு நெரிசல் கிடையாது. வேறு சில பெட்டிகளை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். ராஜாக்கள் பிரயாணம் செய்த பழைய சலூன்களை 1982-ல் புதுப்பித்து, ‘சக்கரத்தின் மீது அரண்மனை’ என்று பெயர் வைத்து ராஜஸ்தானில் வெள்ளைக்காரப் பிரபுக்களுக்காக ஓட்டினார்கள். பழமையைக் காப்பாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் பல்சக்கர ரயிலை 2005-ல் உலகமே பாராட்டி மரபுச் சின்னமாக ஏற்றது. அதைத் தொழிலாளிகள் பேணுகிறார்கள், நல்லது. ஆனால் ராஜாவின் சலூனைப் பழமை என்று பூஜை செய்கிறவர்களுக்கு, ஜனங்களின் பெட்டி பழையதானால் இரும்பு விலைதான் ஞாபகம் வருகிறது.

இந்தப் பெட்டிகள் கண்ட இன்னொரு காட்சியைச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் ஒரே இரவில் நாட்டை அடைத்தார்கள். ரயில் நின்றது. அந்த நாட்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய பெட்டிகளை, நடுப் படுக்கையைக் கழற்றி, கொரோனா நோயாளிகளுக்கான வார்டாக மாற்றினார்கள். ஒர்க்‌ஷாப் தொழிலாளர்கள் இரவு பகலாக அந்த வேலையைச் செய்து முடித்தார்கள். அவர்கள் செய்த வேலை பெரிது. ஆனால் அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஒரு நோயாளியும் படுக்கவில்லை. யார்டில் காலியாக நின்றன. அதே சமயத்தில் லட்சக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் மூட்டையையும் குழந்தையையும் தோளில் சுமந்து நடந்தார்கள். மே 8-ம் தேதி அதிகாலை, மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தோடு நடந்துபோய்க் களைத்து, அதிலேயே படுத்து உறங்கிய 16 தொழிலாளர்களின் மீது கூட்ஸ் வண்டி ஏறியது. தண்டவாளத்தின் மீது ரொட்டிகள் சிதறிக் கிடந்தன. பெட்டி இருந்தது, எஞ்சின் இருந்தது, டிரைவர் இருந்தார், தண்டவாளமும் இருந்தது. ஏழைக்கு வண்டி விட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் டெல்லியில் அமர்ந்திருந்தவர்களுக்கு இல்லை. வண்டி விடத் தொடங்கியதே மே 1-ம் தேதிதான். அதற்கும் எழுதிப் பதிவு செய்து, வரிசையில் நின்று, எத்தனை அலைச்சல்!

இனி முக்கிய விஷயம். 2018 ஜனவரியோடு பெரம்பூரில் பழைய மாதிரிப் பெட்டி கட்டுவது நின்றுவிட்டது. அதற்குப் பதில் வருவது ஜெர்மானிய மாதிரியில் அமைந்த எல்.எச்.பி. பெட்டி. 1990-களில் ஒப்பந்தம் போட்டு, கபூர்தலா தொழிற்சாலையில் அதைக் கட்டத் தொடங்கினார்கள். உடல் துருப்பிடிக்காத எஃகு. இரண்டு பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் வேறு மாதிரி. பழைய பெட்டியில் சங்கிலித் திருகும் இரு பக்கமும் பஃபரும் இருக்கும். மோதினால் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறிவிடும். புதியதில் நடுவில் பூட்டிக்கொள்ளும் கப்ளிங் இருப்பதால் அப்படி ஏறுவது வெகுவாகக் குறைகிறது. 2016 நவம்பரில் கான்பூர் அருகே புக்ராயனில் இந்தூர்-பாட்னா எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தபோது, பழைய மாதிரிப் பெட்டிகள் நசுங்கி ஏறக்குறைய 150 பேர் மாண்டார்கள். ஆகவே நீலப் பெட்டி போக வேண்டியதுதான். ‘பழைய பெட்டியே நல்லது, ஜன்னல் காற்று நன்றாக வரும்’ என்று சொல்லும் தோழர்களும் இருக்கிறார்கள். அது பழகிய பாசம். ஏழையின் உயிர் மலிவு என்று நினைக்கிறவன்தான் ஏழைக்குப் பழைய பெட்டி போதும் என்பான். நாம் அப்படிச் சொல்லக் கூடாது.

புதுப் பெட்டி வந்துவிட்டால் மட்டும் உயிருக்குக் காப்பு என்றும் நினைக்காதீர்கள். 2023 ஜூன் 2-ம் தேதி ஒடிசாவில் பாலசோர் அருகே கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மோதியதே, அதில் இருந்தவை புது மாதிரிப் பெட்டிகள். சிக்னல் கோளாறால் வண்டி தவறான பாதையில் போய் நின்றிருந்த கூட்ஸ் வண்டியில் மோதியது. 290-க்கு மேற்பட்டோர் இறந்தனர். பொதுப் பெட்டிகளில் நெருக்கியடித்து வந்தவர்கள், கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் வேலைக்கு வந்த வங்காளத்து, பீகாரத்துத் தொழிலாளர்கள், அதில் ஏராளம். முன்பதிவு இல்லாததால் பலருடைய பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. சிக்னலைப் பராமரிக்கிற ஊழியர், தண்டவாளத்தைப் பார்க்கிற கேங்மேன், இவர்கள் இடங்களைக் காலியாக வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் புதிதாக்கினால் போதாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லிக் கொடுங்கள். பழைய பெட்டியின் நீளம் சுமார் 21 மீட்டர். புதியது சுமார் 23½ மீட்டர். ஆகவே 24 பழைய பெட்டி நிற்கிற இடத்தில் 22 புதுப் பெட்டிதான் நிற்கும். பழைய பொதுப் பெட்டியில் 90 இருக்கை. புதியதில் சுமார் 100. பழைய ஸ்லீப்பரில் 72 படுக்கை, புதியதில் 80. ஒரு வண்டியில் 4 பொதுப் பெட்டியும் 12 ஸ்லீப்பரும் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட வண்டியைச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். பழைய பெட்டியில் 1,224 பேருக்கு இடம். அதே 16 பெட்டிகளைப் புதிதாகப் போட்டால் 1,360 பேருக்கு இடம். 136 பேருக்குக் கூடுதல்! விஞ்ஞானம் நமக்குத் தருவது இது. இப்போது நிர்வாகம் செய்வதைப் பாருங்கள். பெட்டி மாற்றுகிற சமயத்தில் ஸ்லீப்பர் சிலவற்றை எடுத்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டி போடுகிறார்கள். 2 பொதுப் பெட்டியும் 6 ஸ்லீப்பரும் மிஞ்சினால் 680 பேருக்குத்தான் இடம். மற்ற 544 பேர் எங்கே போவார்கள்? கூலியைச் சேர்த்து மூன்று மடங்கு டிக்கெட் வாங்கிக் குளிர்சாதனத்தில் போவார்களா? கக்கூஸ் வாசலில் நிற்பார்கள், படிக்கட்டில் தொங்குவார்கள். பெட்டிதான் கண்டம் ஆயிற்று என்று நினைத்தோம். உட்காரும் உரிமையும் சேர்த்துக் கண்டம் ஆகிறது!

பெரம்பூர்த் தொழிலாளர்கள் 18 மாதத்தில் கட்டிய வந்தே பாரத் வண்டி 2019-ல் ஓடத் தொடங்கியது. அந்தத் திறமை நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அதில் பொதுப் பெட்டி உண்டா? சாதாரண ஸ்லீப்பர் உண்டா? கட்டியவன் தன் குடும்பத்தோடு அதில் போக எத்தனை நாள் கூலியை எடுத்துவைக்க வேண்டும்? பிறகு வந்த படுக்கை வசதி வந்தே பாரத் வண்டிகளுக்கு 2023-ல் கூட்டுக் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். கம்பெனி நம்முடைய பெரம்பூர் தொழிற்சாலையின் கொட்டகையிலேயே வந்து கட்டலாமாம்! கொட்டகை ஜனங்களுடையது, மிஷின் ஜனங்களுடையது, லாபம் மட்டும் கம்பெனியுடையது. 2019-லேயே இந்தத் தொழிற்சாலைகளைக் கார்ப்பரேஷனாக மாற்றும் யோசனை வந்தபோது, ஐ.சி.எஃப். தொழிலாளர்கள் குடும்பத்தோடு தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே 1950-களில் கட்டத் தொடங்கிய ‘மார்க் 1’ என்னும் பெட்டிகள் ஓடின. 1988-ல் லண்டனில் கிளாப்பம் விபத்தில் 35 பேர் இறந்தபோது அந்த மாதிரிப் பெட்டிகள் நொறுங்கின. மாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். மாற்றினார்களா? ரயில்வேயை முதலாளிகளுக்கு விற்றார்கள். பெட்டிகளை மூன்று கம்பெனிகளுக்கு விற்று, அந்தக் கம்பெனிகளிடமிருந்து ரயில் ஓட்டும் கம்பெனிகள் வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். அதில் ஒரு கம்பெனி 1996-ல் சர்க்காரிடமிருந்து சுமார் 53 கோடி பவுனுக்குக் கைமாறி, அதே ஆண்டில் 82½ கோடி பவுனுக்கு மறுபடி விற்கப்பட்டது. சில மாதத்தில் சுமார் 30 கோடி பவுன்! ஒரு ஆணிகூடப் புதிதாக அடிக்கவில்லை. லண்டனுக்கு வேலைக்குப் போகும் ஜனங்கள் 2005 வரை அந்தப் பழைய பெட்டிகளில்தான் போனார்கள், வாடகையும் கொடுத்துக்கொண்டு.

நமது நாட்டில் ஜனங்கள் சும்மா இருந்துவிடவில்லை. பண்டிகை நாட்களில் பொதுப் பெட்டி வாசலில் மிதிபட்ட படங்கள் நாடெல்லாம் பரவின. பார்லிமெண்டில் நமது உறுப்பினர்கள் கேள்வி கேட்டார்கள். 2024-ல் ரயில்வே அமைச்சகம் இரண்டு ஆண்டுகளில் பத்தாயிரம் குளிர்சாதனமில்லாத பெட்டிகள் கட்டப்படும் என்று அறிவித்தது. அறிவிப்பு வந்தது நல்லதே. பெட்டி வந்து ஸ்டேஷனில் நின்றதா என்பதை மேலேயிருந்து யாரும் நமக்குச் சொல்ல மாட்டார்கள். நாமே எண்ண வேண்டும். ஆகையால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வேலை. உங்கள் ஊர் வழியாகப் போகும் ஒவ்வொரு எக்ஸ்பிரஸ் வண்டியிலும் பொதுப் பெட்டி எத்தனை, ஸ்லீப்பர் எத்தனை, குளிர்சாதனம் எத்தனை என்று ஒரு வாரம் நின்று எண்ணுங்கள். பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தையும், கோடிச் சுவரில் இருக்கும் ஓவர்ஹால் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். தேதி கடந்த பெட்டி ஓடினால் தனியாகக் குறியுங்கள். பக்கத்து டீக்கடைப் பையன்களைச் சேர்த்துக்கொண்டால் வேலை சுளுவாக முடியும், அவர்களுக்கு ஏற்கெனவே எல்லாம் மனப்பாடம்.

அந்தக் கணக்கோடுதான் ரயில்வே நிர்வாகத்துக்கு மகஜர் போகும். பெட்டி மாற்றும் வண்டி எதிலும் பொதுப் பெட்டியும் ஸ்லீப்பரும் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்பது முதல் கோரிக்கை. ஒர்க்‌ஷாப்புகளில் காலியாக வைத்திருக்கும் இடங்களை நிரந்தர ஆட்களைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்பது அடுத்தது. வெல்டர்களுக்கும் பெயிண்டர்களுக்கும் வருஷாவருஷம் மார்புப் பரிசோதனை வேண்டும் என்று ஒர்க்‌ஷாப் தோழர்கள் சேர்த்திருக்கிறார்கள். கையெழுத்துத் தாள்கள் மேடைக்கு வலப்பக்கம் மேஜையில் இருக்கின்றன. கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் இருக்கிறது. பெண்கள் முதலில் வைக்கட்டும், அவர்களுக்குக் கடைசி பஸ் எட்டரைக்கு.